மாடிக்குப் போன ஜாடிகள்

சாப்பாட்டு மேஜையின் மேல் கையை ஊன்றி நான் ஒரு சபதம் செய்தேன். இனி ஒரே ஒரு கண்ணாடி ஜாடிகூட இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது.

சொல்லி முடித்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. என் மனைவிக்கு ஒன்றும் கூச்செறிந்ததாகத் தெரியவில்லை. அவள் ஒரு கோட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சபதத்துக்குக் காரணமே அந்தக் கோட்டுதான். என் மனைவி தையல்காரி. கோட்டு, கவுன், சீருடை எல்லாம் தைப்பாள். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். அப்படிப்பட்டவள் ஒரு கருநீலக் கோட்டைக் கறுப்பு நூலால் தைத்துவிட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே எரிகிற டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒட்டிப் பிறந்த இரட்டைகள். கோட்டுக்காரர் அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

எங்கள் வீட்டில் வெயில் வருவது ஒரே ஒரு அறையில்தான். கிழக்கே பார்த்த அறை. பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்கு எதிரே என் அலமாரி. அலமாரி நிறைய என் ஜாடிகள்.

ஜாடி என்றதும் உப்பு போட்டு வைக்கிற சாமானை நினைத்துவிடாதீர்கள். சுவீடன், பின்லாந்து, டென்மார்க், நார்வே. அந்தப் பக்கத்துக் கலைஞர்கள் போன நூற்றாண்டின் நடுவில் வாயால் ஊதிச் செய்த பூ ஜாடிகள். சிலது கனமாக இருக்கும், உள்ளே ஒரு சொட்டு நிறம் மாட்டிக்கொண்டிருக்கும். சிலது இவ்வளவு மெலிசா என்று தொடவே பயமாக இருக்கும். அடியில் ஊசியால் கீறினாற்போலக் கையெழுத்து. அந்த ஊர்களில் குளிர்காலம் முழுக்க வெயில் அபூர்வம். வெயிலுக்கு ஏங்கி ஏங்கித்தான் இப்படிக் கண்ணாடி செய்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. இதை ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டு என் மனைவியிடம் சொன்னேன்.

“எங்கேயோ இருக்கறவங்க வெயிலுக்கு ஏங்கினது உங்களுக்குப் புரியுது. பக்கத்து ரூம்ல ஒருத்தி ஏங்கறது புரியலியே” என்றாள்.

இன்னொரு நாள் நான் புதிதாக ஒன்றை வாங்கி வந்தபோது, “கண்ணாடி வாங்கறதுன்னா எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க, மூக்குல மாட்டறது” என்றாள். இப்படியெல்லாம் ஜாடைமாடையாகப் பேசுவாள். நான் காதில் வாங்கிக்கொள்ளமாட்டேன். வெயில் படாவிட்டால் ஜாடி வெறும் பாட்டில். மனைவிக்கு அப்படி இல்லையே.

கோட்டு விவகாரத்தில்தான் பிடி இறுகியது. அறையைக் கொடுங்கள் என்று நேராகவே கேட்டுவிட்டாள். நானும் நேராக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தேன். இனி நான் ஜாடி வாங்கமாட்டேன். பதிலுக்கு, அந்த அறையைக் கேட்டு அவள் இனி வாய் திறக்கக்கூடாது.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுப் பல் டாக்டரம்மா வெள்ளைக் கோட்டு அளவு பார்க்க வந்தார். எங்களுக்கு மேலே இரண்டாம் மாடியில் அவருடைய கிளினிக். உடம்பெல்லாம் குண்டூசியோடு, கையை விரித்தபடி அவர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

“சொன்னதை டாக்டரம்மா முன்னாடி இன்னொரு தடவை சொல்லிடுங்க.”

சாட்சி கிடைத்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. “புதுசோ பழசோ, வாங்கினதோ, ஓசியில வந்ததோ, எந்த ஒரு கண்ணாடி ஜாடியும் இனி இந்த வாசற்படி தாண்டி உள்ளே வராது” என்றேன். முதல் தடவை வாக்கியம் இத்தனை நீளமில்லை. நீளமாக இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று நானாகத்தான் சேர்த்தேன். டாக்டரம்மா கையை அசைக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

சபதம் செய்வது சுலபம். அதற்குப் பிறகு உட்காருவதுதான் கஷ்டம். எனக்கு உத்தியோகம் லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் ஒழுங்காக ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. ஒரு இடத்தில் நிற்காத உத்தியோகம், ஆளும் அப்படியே ஆகிப்போனேன். போகிற வழியில் பழைய சாமான் கடை எது இருந்தாலும் கால் தானாகத் திரும்பும். இப்போது திரும்பக்கூடாது. திரும்பாத காலுக்கு ஒரே குடைச்சல். வீட்டுக்கு வந்தால் அலமாரி முன்னால் நிற்பேன். பச்சையை நீலத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். நீலத்தைத் தேன் நிறத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். திருப்தி வராது. மறுபடி எடுப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். கண்ணாடிச் சாமானைக் கண்டால் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது என் பழைய பழக்கம். அது முற்றிப்போயிற்று. மேலதிகாரி வீட்டுக்குப் போனவன், பேச்சு சுவாரசியத்தில் அவர் வீட்டுப் பூ ஜாடியைக் கவிழ்த்துவிட்டேன். தண்ணீரும் பூவும் அவர் மனைவியின் மடியில். ஜாடியில் கையெழுத்தும் இல்லை.

அப்புறம் ஒருநாள், பரிசோதனை முடித்து வருகிற வழியில், தலையை நேராக வைத்துக்கொண்டுதான் நடந்தேன். ஆனால் கண்ணுக்கு வேலி போட முடியுமா? பழைய சாமான் கடையில், துருப்பிடித்த மின்விசிறிக்கும் உடைந்த சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில், கடைக்காரர் பேனா போட்டு வைத்திருந்த ஒரு சாமானில் வெயில் பட்டது. கனத்த கண்ணாடி. வெளியே தெளிந்த தண்ணீர். உள்ளே ஊதா நிறம், புகை மாதிரி. ஒரு துளி மை தண்ணீரில் விழுந்து பரவப்போகிற நேரத்தில் யாரோ ‘அப்படியே நில்’ என்று அதட்டினாற்போல் இருந்தது.

பேனாக்களைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்தேன். கையெழுத்து இருந்தது. பின்லாந்து.

விலையைச் சொல்லமாட்டேன். வாங்கிவிட்டேன். செய்தித்தாளில் சுற்றி, கருவிப் பையில் ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு எங்கள் கட்டடப் படியேறும்போதுதான் சபதம் ஞாபகம் வந்தது. முதல் மாடியில் எங்கள் கதவு. உள்ளே தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்று என் வாக்கியத்தை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ‘இந்த வாசற்படி.’ அதுதானே சொன்னேன்? உலகத்தில் வேறு வாசற்படியே இல்லையா? இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.

டாக்டரம்மாவிடம் ஒரு பாட்டம் பேசினேன். நோயாளிகள் பயந்து போய் உட்கார்ந்திருக்கிறார்கள், கண்ணுக்கு அழகாக ஒன்று இருந்தால் வலி மறக்கும், அதனால் என் சார்பில் இதைக் கிளினிக்கில் வைத்துக்கொள்ளட்டும், கொடுத்ததாக இல்லை, சும்மா வைத்திருக்க, கீழே சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்லது என்று வாங்கி, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்து ஜன்னலில் வைத்தார்.

மேற்கு ஜன்னல் அது. சாயங்கால வெயில் அதில் ஏறியதும் ஊதா நிறம் தரையில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரின் சட்டைமேல் படிந்தது. கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். ஜாடியையே பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். எப்படி ஊதுவார்கள், நிறத்தை எப்படி உள்ளே சிறை வைப்பார்கள், அடியில் ஏன் கையெழுத்து. மனிதர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பேச முடியாது, பஞ்சு. என் ஆயுளில் அப்படி ஒரு ரசிகர் எனக்கு வாய்த்ததில்லை. வீட்டில் பின்லாந்து என்று ஆரம்பித்தாலே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்துவிடுவாள்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். எங்கே போகிறீர்கள் என்று மனைவி கேட்டதற்குப் பல்வலி என்றேன். பாவம், கவலையாகப் பார்த்தாள். தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுச் சும்மா போனால் மற்றவர்கள் ஒருமாதிரி நினைப்பார்கள் என்று டாக்டரம்மா என்னையும் நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டார். நான் என் சொத்தைப் பார்க்கப் போனேன். அவர் என் சொத்தையைப் பார்த்தார். குடைந்து அடைத்துவிட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். டாக்டரம்மா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். ஒற்றை ஜாடி தனியாக நிற்பது பார்க்க ஒருமாதிரி இருக்கிறதாம். கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறாராம். என்னிடம் இன்னும் ஒன்றிரண்டு இருந்தால் அழகாக இருக்குமாம்.

படி இறங்கும்போது எனக்குள் ஒரு திட்டம் பளிச்சென்று எரிந்தது. அன்று முழுக்க நான் உட்காரவே இல்லை. வீட்டு ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தானம் கொடுப்பதாகச் சொல்லி மாடிக்கு ஏற்றிவிடுவது. என் அலமாரி காலியாகும். என் தியாகத்தைப் பார்த்து மனைவி உருகிப்போவாள். காலி அலமாரியைப் பார்த்தால் அவளுக்கே மனசு கேட்காது; போகட்டும், நாலு ஜாடி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சபதத்தை அவளே ரத்து செய்வாள். பழையது மாடியில், புதியது கீழே. ஒரே கல்யாணத்தில் இரண்டு விருந்து.

நல்ல முகபாவத்தோடு ஆரம்பித்தேன். ஆசையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்றும், முதலில் அந்தத் தேன் நிற சுவீடன் ஜாடியை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் ஊசியை நிறுத்தினாள். “மனசு வருமா உங்களுக்கு?”

“வரவழைச்சுக்கணும்” என்றேன்.

“பெரிய மனசுதான்” என்றாள். குரல் லேசாகக் கம்மியிருந்தாற்போலத் தோன்றியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

அதிலிருந்து எனக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்த பிறகு ஒன்று. பச்சை போயிற்று. பனிக்கட்டி போலச் சொரசொரவென்று இருந்தது போயிற்று. இதில் என் மனைவி காட்டிய உற்சாகத்தைச் சொல்லவேண்டும். வெட்டி மீந்த வெல்வெட் துணியெல்லாம் எடுத்துக் கொடுத்தாள், கீறல் விழாமல் சுற்றிக்கொள்ள. படியில் தூக்கிக்கொண்டு போகையில் இடித்துவிடக்கூடாதே என்று பஞ்சு வைத்து ஒரு பையே தைத்துக் கொடுத்தாள். யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இவ்வளவு வெகுளியை ஏமாற்றுகிறோமே என்று இரண்டாம் மாடிப் படியில் எனக்கு ஒரு கணம் உறுத்தும். மூன்றாவது படிக்குள் சரியாகிவிடும்.

மேலே அலமாரியும் வந்து சேர்ந்தது. ஆளுயர அலமாரி. உள்ளே சின்ன விளக்குகள். என்னிடம் டென்மார்க் ஜாடி ஒன்று உண்டு, கொக்குக் கழுத்து. எந்த அலமாரியிலும் நிற்காது, என் வீட்டில் மேல்தட்டில் படுக்கப் போட்டுத்தான் வைத்திருந்தேன். அது இந்த அலமாரியில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கச்சிதமாக நின்றது. பக்கத்துத் தட்டில் குள்ளமான நார்வே ஜாடி, அளவெடுத்தாற்போல. டாக்டரம்மாவின் அதிர்ஷ்டத்தை மெச்சினேன். அவர் முகக்கவசத்துக்குள் ஏதோ சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை.

கடைசி ஜாடி ஏறிய அன்று நான் இருப்புக்கொள்ளாமல் வேலைக்குப் போனேன். ஒரு லிஃப்டில் ஏறிவிட்டு எந்த மாடி என்று மறந்துபோய், மேலும் கீழுமாக நாலைந்து தடவை போய் வந்தேன். மனைவியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று ஒத்திகை. அலமாரி காலியாக இருப்பதைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்து, பெருமூச்சு விட்டு, அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அன்று வேலை சீக்கிரம் முடிந்தது. பத்து மணி வெயில் இன்னும் முற்றாத நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு மட்டும் இருந்தது. கிழக்கு அறைக்குப் போனேன்.

அலமாரி இல்லை. அந்த இடத்தில் நீளமான ஒரு வெட்டு மேஜை. ஜன்னலோரம் தையல் இயந்திரம். சுவரில் நூல்கண்டுகள் நிறம் நிறமாக, வெயிலில். நடுவில் என் மனைவி. ஊசியைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்காமல், ஒரே குத்தில் நூலைக் கோத்தாள். அவள் அப்படி நூல் கோத்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. அவள் முகமும் அந்த வெளிச்சத்தில் வேறு மாதிரி இருந்தது. நான் ஒத்திகை பார்த்த பெருமூச்சு பாதியில் நின்றுபோயிற்று.

“அலமாரி எங்கே?”

“காலியாத்தானே இருந்தது, குடுத்துட்டேன். உங்களைப் பார்த்து எனக்கும் ஆசையைக் குறைச்சுக்கத் தோணிச்சு.”

ரூமைக் கேட்கமாட்டேன் என்று சொன்னாயே என்று ஞாபகப்படுத்தினேன்.

“கேக்கலியே. ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்களாத்தானே காலி பண்ணீங்க. பை வேணும்னீங்க, தச்சுக் குடுத்தேன்.”

பை வேண்டும் என்று நான் கேட்டதாக ஞாபகமில்லை. ஆனால் அதைப் பற்றிச் சண்டை போடுகிற நேரமா அது? துருப்புச் சீட்டை இறக்கினேன். நான் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை, அத்தனையும் மாடியில் பத்திரமாக இருக்கிறது, எல்லாம் என்னுடையது, இப்போதே போய்க் கொண்டுவரப் போகிறேன் என்றேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நின்று பார்த்தேன். அவள் துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்தாள்.

“தாராளமாக் கொண்டு வாங்க. எப்படிக் கொண்டு வருவீங்க? புதுசோ பழசோ, வாங்கினதோ, ஓசியில வந்ததோ, எந்த ஜாடியும் இந்த வாசற்படி தாண்டாதுன்னீங்க. நான் சொல்லலை. நீங்க சொன்னது. டாக்டரம்மா இருந்தாங்க.”

வாக்கியத்தை நீட்டி முழக்கியவன் நான். என் கம்பீரம் என் கழுத்தைப் பிடித்தது. சபதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“வாங்கிக்கோங்க. அப்ப நான் குடுத்த வாக்கையும் வாபஸ் வாங்கிக்கறேன். இப்பவே கேக்கறேன், இந்த ரூம் எனக்கு வேணும்.”

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அவள் அறைக்குள்தான் இருந்தாள், நான் வெளியில்தான் நின்றேன். எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

“அந்த ஊதாக் கலர் ஜாடி மேல போன அன்னிக்கே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான்தான் இன்னும் ஒண்ணு ரெண்டு கேட்டுப் பாருங்கன்னேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “என்ன பண்றது? ஜாடைமாடையாச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். உங்களுக்கு ஜாடி மாடிக்குப் போனாத்தான் புரியுது.”

அதற்கு மேல் அங்கே நிற்பதில் அர்த்தமில்லை. நிற்க இடமும் இல்லை, வெட்டு மேஜை அத்தனை நீளம். மாடிக்குப் போனேன். டாக்டரம்மா உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் அலமாரிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். கொக்குக் கழுத்து நிற்கிற தட்டுக்குப் பின்னால், மரத்தில், ஒரு நீலக் கோடு. பக்கத்தில் இன்னொன்று. தையல்காரர்கள் துணியில் அளவு போடுகிற சாக்குக்கட்டிக் கோடு. என் ஜாடிகள் ஒவ்வொன்றுக்கும் உடம்பளவு எடுத்திருக்கிறாள். எனக்கு ஒரு சட்டை தைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், அதற்குத்தான் இன்னும் அளவெடுத்தபாடில்லை.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், தாடையைப் பிடித்துக்கொண்டு அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, பேச ஆள் கிடைத்தது என்று நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். இவருக்கு வாயில் பஞ்சு இல்லை.

“பார்த்தீங்களா, எல்லாம் பின்லாந்துப் பக்கத்துச் சாமான். கையால ஊதினது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா குடுத்தாங்களாம். என்ன ரசனை பாருங்க அந்தம்மாவுக்கு. அவங்க வீட்டுக்காரர் கண்ட கடையில கண்ட பாட்டிலைப் பொறுக்கிட்டு வருவாராம். அதுல நல்லதா நாலைப் பொறுமையாப் பார்த்து எடுத்து வச்சிருக்காங்க.”

அவர் என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“லேசாத் தெரியும்” என்றேன்.